இந்தக் கைக்கா பாஸ்?

பிரிட்ஜ் மேஜையில் ஆளுக்கொரு பிடிங் பாக்ஸ் உண்டு. வாயால் ஏலம் கேட்டால் குரலே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று 1960களில் ஸ்வீடனில் செய்த ஏற்பாடு. ஒரு கிளப் தொடங்கி ஏழு நோ டிரம்ப் வரைக்கும் 35 அட்டைகள், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. சிவப்பில் டபுள் கொஞ்சம், நீலத்தில் ரீடபுள் கொஞ்சம். பச்சையில் பாஸ் மட்டும் ஒரு கட்டு. பெட்டியை வடிவமைத்த ஆளுக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது. மனிதன் இந்த மேஜையில் அதிகம் சொல்லவேண்டியது எதை என்று யோசித்துத்தான் அடுக்கியிருக்கிறார்.

எங்கள் கிளப்பில் என் பார்ட்னருக்கு வடக்கு நாற்காலி நிரந்தரம். முழங்கால் வலி, மேஜை மாறி மாறிப் போக முடியாது. அதனால் அந்தப் பெட்டியும் கிட்டத்தட்ட அவருடையதே. திறந்து பார்த்தால் இரண்டு, மூன்று என்று போட்ட அட்டைகளெல்லாம் முனை மழுங்கி, விரல் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். பச்சைக் கட்டு மட்டும் கடையிலிருந்து வந்த பளபளப்பு மாறாமல் இருக்கும்.

இத்தனைக்கும் மனுஷர் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர்களின் பயணப்படி பில்களைத் திருப்பி அனுப்புவதே வேலையாக இருந்திருக்கிறது. "அனுமதிக்க இயலாது" என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தவர், சீட்டைக் கையில் எடுத்ததும் எதையும் அனுமதிக்கிறார். பதின்மூன்று சீட்டுக் கை 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600 விதமாக வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அத்தனையிலும் பாஸ் பண்ணுவதற்கென்று ஒரு கைகூடக் கிடையாது என்பது அவர் கட்சி.

இருபத்தெட்டோ ஐம்பத்தாறோ ஆடியவர்களுக்கு ஏலம் கேட்பது புதிதில்லை. பிரிட்ஜிலும் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. எது துருப்பு, ஆறுக்கு மேல் எத்தனை ட்ரிக் எடுப்போம் என்று ஏலம். இரண்டு ஹார்ட் என்றால் ஹார்ட் துருப்பு, எட்டு ட்ரிக். சொன்னதை எடுத்தால் நமக்கு, எடுக்காவிட்டால் எதிராளிக்கு நாம் தண்டம் கட்டவேண்டும். ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்று பாயிண்ட். சீட்டுக்கட்டு முழுக்க 40. இவ்வளவு போதும், மேலே போகலாம்.

ஸ்லாம் போடுகிற பெரிய கைகளைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தக் கைகள் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் சாயங்காலம் உட்கார்ந்தால் பெரும்பாலும் வருவது சில்லறை. சில்லறையில்தான் சண்டை. ஓர் எதிராளி ஒரு ஹார்ட் கேட்கிறார். என் பார்ட்னர் பாஸ் (அப்போதே மூச்சு வாங்குகிறது அவருக்கு). எதிராளியின் ஜோடி இரண்டு ஹார்ட். நான் பாஸ். முதலில் கேட்டவரும் பாஸ். இப்போது பார்ட்னரும் பச்சையை வைத்துவிட்டால் ஏலம் முடிந்தது, அவர்கள் இரண்டு ஹார்ட் ஆடுவார்கள். விடுவதா, நாமும் ஏதாவது கேட்பதா?

இந்த இடத்தில் பார்ட்னரின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். எதிராளிகள் இரண்டிலேயே நின்றுவிட்டார்கள் என்றால் அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. 40 பாயிண்டில் ஏறக்குறைய பாதி நம்மிடம் இருக்கிறது. அவர்களுக்கு எட்டு ஹார்ட் சேர்ந்திருந்தால் நமக்கும் ஏதாவது ஓர் இனத்தில் எட்டு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சும்மா விட்டால் அவர்கள் எட்டு ட்ரிக் எடுத்து 110 வாங்கிப் போவார்கள். நாம் இரண்டு ஸ்பேட் கேட்டு எடுத்தால் அந்த 110 நமக்கு. ஒன்று குறைந்தால் 50தான் தண்டம்; 110 கொடுப்பதற்கு இது தேவலை. அவர்கள் விடாமல் மூன்று ஹார்ட்டுக்குப் போய் ஒன்றில் விழுந்தால் 50 நமக்கு.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு வேலில் செருகிய எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுகிறார்கள். ஒற்றைப் பழம் ஆயிரக்கணக்கில் போகும். அந்த மாதிரிக் கூட்டத்தில், வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிட்டு, சரியான நொடியில் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தால் எப்படியோ, அப்படித்தான் இங்கே ஆடவேண்டும். ஏற்றிவிடுவது ஒரு பாதி, வாயை மூடுவது மறுபாதி. முதல் பாதியில் என் பார்ட்னரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு ஸ்பேட் என்பார். அவர்கள் மூன்று ஹார்ட் என்பார்கள். வேலை முடிந்தது, இனி வானத்தைப் பார்க்கலாம் என்று நான் சாய்ந்து உட்காருவதற்குள் மூன்று ஸ்பேட் அட்டை மேஜையில் இருக்கும். பழம் எங்கள் தலையில்.

அதற்கு மேல் சிவப்பு அட்டை வரும். இவர்களால் முடியாது என்று எதிராளி டபுள் சொல்லி, நாங்கள் வல்னரபிள் (தண்டம் கூடுதலாக விழும் முறை) என்றால், ஒரே ஒரு ட்ரிக் குறைந்தாலும் 200. அவர்கள் இரண்டு ஹார்ட் ஆடியிருந்தாலும் 110, மூன்று ஆடி எடுத்திருந்தாலும் 140தான். அதே சீட்டை மற்ற மேஜைகளிலும் ஆடி, யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒப்பிடுகிற போட்டியில் 200 கொடுத்துவிட்டு வந்தால் பட்டைநாமம்தான், விபூதிக்குக்கூட இடமிருக்காது.

"கேக்கலாமா, விடலாமா" என்பதற்கு விதி இல்லையா என்றால், இருக்கிறது. ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1969ல் 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதினார். பாயிண்டை விடு, துருப்பை எண்ணு என்பது அவர் வழி. எங்கள் இனத்தில் எங்களுக்கு எட்டு, அவர்கள் இனத்தில் அவர்களுக்கு எட்டு என்றால், அவரவர் துருப்பில் ஆடினால் அவரவர் எடுக்கக்கூடிய ட்ரிக்குகளின் கூட்டுத்தொகையும் பதினாறுக்குப் பக்கத்தில் நிற்கும். எட்டுத் துருப்பு இருந்தால் இரண்டு வரைக்கும் போ, ஒன்பது இருந்தால் மூன்று, பத்து இருந்தால் நாலு. அமெரிக்க ஆட்டக்காரர் லாரி கோஹன் 1992ல் இதை ஒரு புத்தகமாகப் போட்டார். உலகமே துருப்பு எண்ண ஆரம்பித்தது. 2004ல் மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்கிரனும் சேர்ந்து, இந்த விதி கால் வாரிவிடுகிறது, எண்ணிக்கையைவிட சீட்டு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று பதில் புத்தகம் போட்டார்கள். என் பார்ட்னரிடம் இரண்டு புத்தகமும் இருக்கிறது. கேட்பதற்கு முதல் புத்தகம், விழுந்த பிறகு இரண்டாவது.

விதியில் ஒரு சின்னச் சிக்கல். எட்டா ஒன்பதா என்று எண்ண என் கைச்சீட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாததால்தான் ஏலமே. அவர் இந்தச் சிக்கலை நம்பிக்கையால் தீர்த்துக்கொள்கிறார்.

"உம்மகிட்ட நாலு ஸ்பேட் இருக்கும்னு நெனச்சேன் ஓய்."

"ரெண்டுதான் சார்."

"இருந்திருக்கணும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? சீட்டைக் குலுக்கியது கம்ப்யூட்டர்.

கேட்பதா விடுவதா என்பதைவிட அதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது என்பதுதான் பெரிய தலைவலி. ஒருவர் நீளமாக யோசித்துவிட்டுப் பாஸ் சொன்னால் என்ன அர்த்தம்? கையில் ஏதோ இருக்கிறது, கேட்கும் அளவுக்கு இல்லை. ஒன்றுமே இல்லாதவன் எதற்கு யோசிக்கப் போகிறான்? ஆகவே அந்த யோசனை பார்ட்னருக்குச் செய்தி. ஆனால் அந்தச் செய்தியைப் பார்ட்னர் பயன்படுத்தக்கூடாது என்கிறது டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டத்தின் 16வது பிரிவு. அவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்து, அதில் ஒன்றை அந்தத் தயக்கம் சுட்டிக்காட்டினால், அந்த வழியில் போகக்கூடாது. போனால் எதிராளி கையைத் தூக்கி "டைரக்டர்!" என்பார். போட்டியின் நடுவரான டைரக்டர் டீ டம்ளரோடு வந்து, எவ்வளவு நேரம் யோசித்தார் என்று விசாரிப்பார். எதிராளிக்கு அது ஒரு யுகம், எங்களுக்கு ஒரு கண்சிமிட்டல்.

அதனால் நியாயமாக யோசிக்கவேண்டிய கையில் யோசித்தாலே பார்ட்னரின் கையைக் கட்டிப்போட்டதாக ஆகிவிடும். பாஸ் பண்ணுவதாக இருந்தால் எல்லாப் பாஸையும் ஒரே வேகத்தில் பண்ணவேண்டும். பூஜ்யம் பாயிண்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே முகம், ஒரே கை. இன்னொரு பக்கம், ஸ்டாப் அட்டை வைக்கிற இடங்களில், ஒருவர் தாவிக் கேட்டால் அடுத்தவர் பத்து விநாடி பொறுத்துத்தான் பதில் சொல்லவேண்டும், யோசிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் யோசிப்பவர் மாதிரி இருக்கவேண்டும். சட்டப் புத்தகமே நடிக்கச் சொல்லும் விளையாட்டு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் பார்ட்னருக்கு அந்தப் பத்து விநாடிதான் பெரிய தண்டனை. கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், மின்விசிறியைப் பார்ப்பார். மேஜையில் இருக்கிற மூன்று பேருக்கும் அவர் கையில் ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிடும். ஏதாவது இருந்தால் கண்ணாடியைத் தொடவே மாட்டார்.

பெரிய போட்டிகளில் இதற்கென்று மேஜைக்குக் குறுக்கே மறைப்பு வைக்கிறார்கள். பார்ட்னர் முகமே தெரியாது. 1975ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் மறைப்பு வைத்தார்கள். இத்தாலி ஜோடி ஒன்று மேஜைக்குக் கீழே காலை முறையில்லாமல் அசைத்தது என்று கண்டனம் வந்தது. உடனே மேஜைக்கு அடியிலும் தடுப்பு வைத்தார்கள். எங்கள் கிளப்பில் தடுப்புக்குத் தேவையில்லை. பார்ட்னர் காலை அசைத்தால் முழங்கால் "டக்" என்று நாலு மேஜைக்குக் கேட்கும்.

ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் பிரேதப் பரிசோதனைதான் பிரிட்ஜின் நீண்ட பகுதி. 1929ல் அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில், நாலு ஸ்பேட் எடுக்க முடியாமல் விழுந்த கணவரோடு மூண்ட சண்டையில் மிர்ட்டில் பென்னட் என்ற பெண்மணி அவரைச் சுட்டுக்கொன்றார். 1931ல் ஜூரி அவரை விடுதலை செய்தது. இந்தக் கதையை ஒருநாள் பார்ட்னரிடம் கொஞ்சம் உள்நோக்கத்தோடுதான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தம்மா சுட்டது தப்பு. நாலு ஸ்பேட் சரியான கேள்விதான்" என்றார்.

வீட்டில் எங்கள் இருவருக்கும் "சீட்டாடப் போறவர்" என்றுதான் பெயர் இருந்தது. 2018ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயதான பிரணாப் பர்தனும் 56 வயதான ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜ் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கிய பிறகு மரியாதை சற்று உயர்ந்தது. "பிராக்டிஸுக்குப் போறார்" என்று பார்ட்னரின் மனைவி தொலைபேசியில் சொன்னதாகக் கேள்வி. பார்ட்னரும் அந்த ஜோடியைப் பற்றி அடிக்கடி பேசுவார். அவர்கள் எத்தனை தடவை பாஸ் சொல்லித் தங்கம் வாங்கியிருப்பார்கள் என்று நான் ஆரம்பித்தால் மட்டும் காது கேட்காது.

ஆனால் அவருடைய பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. போன வாரம் அதைக் கண்ணால் பார்த்தேன். கிளப்புக்கு அடிக்கடி வரும் ஒரு ஜோடி எதிரே. மேற்கு ஒரு ஹார்ட். பார்ட்னர் பாஸ். கிழக்கு இரண்டு ஹார்ட். என்னிடம் 14 பாயிண்ட், அதில் ராஜாவும் ஜாக்கியுமாக நாலு ஹார்ட். அவர்கள் துருப்பில் எனக்கு இவ்வளவு இருக்கும்போது நான் எதைக் கேட்பது? பாஸ். இப்போது மேற்கு பச்சையை எடுக்கவேண்டும். அவர் கை பச்சைக்குப் போனது, நின்றது, கண் என் பார்ட்னர் பக்கம் திரும்பியது. இந்த மனிதர் சும்மா விடமாட்டார், இரண்டு ஸ்பேடோ மூன்று கிளப்போ வரப்போகிறது, அதற்குமுன் கதவைச் சாத்திவிடலாம் என்று தானாகவே மூன்று ஹார்ட் வைத்தார். எல்லோரும் பாஸ்.

எட்டு ட்ரிக்தான் வந்தது. ஒன்று குறைவு, எங்களுக்கு 50. மற்ற மேஜைகளில் எல்லாரும் இரண்டு ஹார்ட்டோடு நிறுத்தி 110 எடுத்திருந்தார்கள். அந்த போர்டில் எங்களுக்கு முழு மதிப்பெண்.

பார்ட்னர் தன் கையை விரித்துக் காட்டினார். மொத்தம் நாலு பாயிண்ட்.

"இந்தத் தடவை நான் பாஸ் பண்ணத்தான் இருந்தேன்" என்றார். மேற்கு சிரித்தார். கிழக்கு சிரித்தார். நான் ஸ்கோர் எழுதினேன்.

அப்புறம் என் கைச்சீட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"பதினாலு பாயிண்ட். கையில அவங்க துருப்பு நாலு. டபுள் பண்ணியிருந்தா நூறு ஓய், நூறு!"

"சார், அம்பதுக்கே முழு மார்க் வந்தாச்சு. நூறு வந்தாலும் அதே மார்க்தான்."

"அது வேற விஷயம்" என்றார், அடுத்த போர்டை இழுத்துக்கொண்டே. "இந்தக் கைக்கா பாஸ்?"