மனநோயாளி எவரும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்

நம் நாட்டுச் சிறைகளில் மனநோய் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 103, உட்பிரிவு 3. சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல வாரியத்துக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். என்ன அறிக்கை? எத்தனை கைதிகளுக்கு மனநோய், யாருக்கு என்ன மருந்து, யார் தூங்குவதில்லை, யார் சாப்பிடுவதில்லை என்றா? அதெல்லாம் இல்லை. 'இந்தச் சிறையில் மனநோயுள்ள கைதிகள் இல்லை' என்று சான்றளிக்கும் அறிக்கை. பதில் தயார், கையெழுத்துதான் பாக்கி.

சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. மனநோயுள்ளவரைச் சிறையில் போட்டு வதைக்கக்கூடாது, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்கிற நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நல்ல எண்ணம் ஜெயில் அலுவலகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. 'இருக்கிறார்' என்று எழுதினால் வாரியம் கேட்கும்: ஏன் வைத்திருக்கிறாய், ஏன் அனுப்பவில்லை? அனுப்புவதற்கு வழிக்காவல் வேண்டும். வழிக்காவலுக்கு ஆயுதப்படையில் ஆள் கேட்க வேண்டும். ஆள் எல்லாம் மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். 'இல்லை' என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் எதை எழுதுவீர்கள்?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறையில் 5,024 கைதிகளை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தார்கள். 2011-இல் வந்த அந்த அறிக்கைப்படி பத்தில் எட்டுப் பேருக்கு மனநோயோ போதைப்பழக்கமோ இருந்தது. போதையைக் கழித்துவிட்டாலும் நாலில் ஒருவருக்கு மேல். தேடினால் கிடைக்கிறது என்பது நிரூபணமானதும் நிர்வாகம் ஒரு நல்ல பாடம் கற்றுக்கொண்டது. தேடக்கூடாது.

தேடாமல் இருப்பதற்கான ஏற்பாடும் பக்காவாக இருக்கிறது. 2016-இன் மாதிரிச் சிறைக் கையேடு 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளராவது வேண்டும் என்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். கையேட்டின்படி ஆயிரத்து நூற்றுச் சொச்சம் உளவியலாளர்கள் வேண்டும். அப்போது இருந்தவர்கள் 25. 'இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட்' 2025 கணக்குப் போட்டுச் சொல்கிறது: 22,929 கைதிகளுக்கு ஒருவர். அந்தப் புண்ணியவான் ஒரு கைதிக்குப் பத்து நிமிஷம் வீதம், நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுத்தால், ஒரு சுற்று முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் முதலில் பார்த்தவர் செத்திருப்பார், அல்லது பழகியிருப்பார். இரண்டுமே ரெக்கார்டில் 'புகார் இல்லை' என்றுதான் ஏறும்.

சிறை மருத்துவர் என்றால் ஸ்டெதஸ்கோப் என்று நினைப்பவர்கள் 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தைப் படித்ததில்லை. கைதிக்குக் கசையடி கொடுப்பதற்கு முன் மருத்துவர் அவனைப் பரிசோதித்து, 'இவன் இந்தத் தண்டனையைத் தாங்கத் தகுதியுள்ளவன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது வெள்ளைக்காரனின் அந்தச் சட்டம். குணப்படுத்துவதற்கு அல்ல, அடிப்பதற்கு டாக்டர். கசை போய்விட்டது. பேனா போகவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் இரவெல்லாம் அடிவாங்கி, ரத்தத்தில் நனைந்த லுங்கிகளை மாற்றி மாற்றிக் கட்டவேண்டியிருந்த தகப்பனுக்கும் மகனுக்கும் அரசு மருத்துவமனை சிறைக்கு அனுப்பலாம் என்று சான்று கொடுத்தது. நடுவர் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறை சேர்த்துக்கொண்டது. நாலு நாளுக்குள் இருவரும் இறந்தார்கள். ஒவ்வொரு மேஜையிலும் காகிதம் சரியாக இருந்தது. உடம்பு மட்டும்தான் ஒத்துழைக்கவில்லை.

செத்ததால் நமக்குத் தெரிந்தது. சாகாமல் உள்ளே போகிறவர்களின் கதை என்ன? ஸ்டேஷனில் வாங்கிய அடி உடம்பில் இருக்கும்போதே ஜெயில் வாசல். ஆடையை அவிழ். குனி. உட்கார். எழு. வாயைத் திற. ஒரு கைதியிடம் முதன்முதலாகக் கேட்கப்படும் கேள்வி, 'என்ன கேஸு?' அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. வீட்டில் புருஷனிடம் பத்து வருஷம் மிதிபட்டு ஒருநாள் திருப்பி அடித்துவிட்டு வந்தவளுக்கும் அதே 'அவிழ், உட்கார், எழு'தான். சாதியைக் கேட்க மட்டும் யாரும் மறந்ததில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பது உச்ச நீதிமன்றத்தின் 2024 அக்டோபர் தீர்ப்புவரை போய் நாறியது. எவன் எந்தச் சாதி என்று மனப்பாடமாகத் தெரிந்த நிர்வாகத்துக்கு, எவன் ராத்திரி அலறி எழுகிறான் என்று மட்டும் தெரியாது.

ராத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. அணைக்காத விளக்கு. கம்பியில் லத்தியை இழுத்துக்கொண்டே வரும் வார்டர். பூட்ஸ் சத்தம். ஸ்டேஷனில் அந்தச் சத்தத்துக்கு அடுத்து என்ன வந்தது என்று உடம்புக்குத் தெரியும். மூளை யோசிப்பதற்குள் அது சுருண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது பாய்கிறது. பாய்ந்தவனுக்கு 'ஒழுங்கீனம்' என்று பெயர். தனிக்கொட்டடி. அங்கே அவன் சுவரில் தலையை முட்டினால் 'நடிக்கிறான்'. முட்டுவதை நிறுத்தினால் 'திருந்திவிட்டான்'.

அதிர்ச்சியைப் புரிந்துகொண்ட சிகிச்சை என்று மனநல மருத்துவர்கள் சொல்வது ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. தொடுவதற்கு முன் தொடப்போகிறேன் என்று சொல். சோதனை போடுமுன் ஏன் என்று சொல். தூங்குகிறவனை உதைத்து எழுப்பாதே. அடிபட்டு வந்தவனைத் தனியே பூட்டாதே. முதல் வாரம் கவனமாகப் பார். இதில் பாதிக்கு டெண்டர்கூட விட வேண்டாம். ஒருவேளை அதனால்தான் நடக்கவில்லையோ என்னவோ.

'ஜெயில் என்ன மாமியார் வீடா? தப்புப் பண்ணினவனுக்கு என்ன சார் மனநலம்?' இந்தக் கேள்வியைக் கேட்பவரை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். டீக்கடையிலும் இருப்பார், ஏசி அறையிலும் இருப்பார். உள்ளே இருக்கிற நாலு பேரில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், ஐயா. தப்புப் பண்ணினார்களா என்று நீதிமன்றமே இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு எப்படியோ முன்னாடியே தெரிந்துவிட்டது.

சரி, அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். செய்கிறது. நீதிபதி அமிதவ ராய் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, 2017 முதல் 2021 வரை சிறைகளில் நடந்த 817 இயற்கைக்கு மாறான மரணங்களில் 660 தற்கொலை என்று கண்டது. ஐந்து வருஷத்தில் 660 பேர். சட்டப்படி ஒருவருக்கும் மனநோய் இல்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள். குழுவின் பரிந்துரைகளில் தலைப்புச் செய்தியானது என்ன தெரியுமா? தற்கொலைக்கு இடம்கொடுக்காத பொருட்களால் கட்டிய கொட்டடிகள். தேசிய மனித உரிமை ஆணையம் 2023-இல் அனுப்பிய அறிவுரை, கைதிகளின் போர்வையையும் விரிப்பையும் முறையாகச் சோதிக்கச் சொன்னது; கழிப்பறைக் கொக்கிகளை அகற்றச் சொன்னது. அதே அறிவுரையில் உளவியலாளர் காலியிடங்களை நிரப்பு, உள்ளே வரும்போதே மனநிலையைப் பரிசோதி என்றும் இருந்தது. எது முதலில் நடக்கும் என்று ஊகிக்க ஐஏஎஸ் படிக்க வேண்டியதில்லை. கொக்கியைப் பிடுங்க ஒரு கொத்தனார் போதும். 'பணி நிறைவு' என்று போட்டோவோடு அறிக்கை அனுப்பலாம். மனிதன் ஏன் சாக நினைத்தான் என்பதற்குப் பொதுப்பணித் துறையில் அட்டவணை விலை கிடையாது.

கைதிகளில் சிலருக்கே பயிற்சி கொடுத்து, சாகும் எண்ணத்தில் இருக்கிற மற்றவர்களைக் கவனிக்க வைக்கலாம் என்றும் அந்த அறிவுரை சொல்கிறது. யோசனை உண்மையில் நல்லது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது. எனக்குப் பயம், இல்லாத 1,100 உளவியலாளர்களுக்கு இதையே மாற்றாக்கி, சம்பளப் பட்டியலையே மூடிவிடுவார்கள் என்பதுதான். கைதி சமைக்கிறான், நெசவு நெய்கிறான், தோட்டம் போடுகிறான். இனி டாக்டர் வேலையும் பார்க்கட்டும்.

அசாமில் மச்சாங் லாலுங் என்றொருவர் இருந்தார். 1951-இல், இருபத்துச் சொச்சம் வயதில் கைதானார். விசாரணை நடக்கவில்லை. மனநலம் சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் அங்கிருந்த மருத்துவர்கள் 'இவர் குணமாகிவிட்டார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை, மறுபடி சிறை. தாங்கத் தகுதியுள்ளவன் என்றும், சிறைக்கு அனுப்பலாம் என்றும், மனநோயாளி எவரும் இல்லை என்றும் வருகிற காகிதங்களையெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நிர்வாகம், உண்மையான ஒரு சான்று வந்தபோது அதை மட்டும் 38 வருஷம் நம்பவில்லை. 2005-இல், மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, வெளியே விட்டார்கள். அப்போதும் சும்மா விடவில்லை, ஒரு ரூபாய்க்குச் சொந்தப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். 77 வயதுக் கிழவர் தப்பி ஓடிவிட்டால் என்ன செய்வது?

உச்ச நீதிமன்றம் 3 லட்ச ரூபாய் இழப்பீடும் மாதம் 1,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 54 வருஷத்துக்கு 3 லட்சம் என்றால் நாளுக்குப் பதினைந்து ரூபாய்ச் சொச்சம். 2007 டிசம்பரில் அவர் இறந்துபோனார். மாதம் ஆயிரம் ரூபாய் அரசுக்கு மிச்சம்.