அக்னி நட்சத்திர ரசிகர்கள்

சென்னையில் கலை மார்கழியில்தான் தழைக்கும் என்பது பழங்கதை. மே 4 அன்று அக்னி நட்சத்திரம் தொடங்கியதுமே உண்மையான ரசிகர்கள் வெளியே வருகிறார்கள். 'புதன் மாலை 6 மணி, அனுமதி இலவசம், குளிரூட்டப்பட்ட அரங்கம்.' பாடப்போவது யார் என்ற சில்லறை விவரம் அழைப்பிதழில் அதற்குக் கீழேதான் இருக்கும்.

எங்கள் எதிர்வீட்டு மாமா இதில் கரைகண்டவர். எழும்பூர் அருங்காட்சியகம் 1851 முதல் இருக்கிறது. மாமா போன வாரம்தான் கண்டுபிடித்தார். சோழர் காலத்து நடராஜர் முன்னால் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றாராம். மின்விசிறி நேர் மேலே. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், அன்று சினிமா. டிக்கெட் கவுன்டரில் படத்தின் பெயரைக் கேட்கமாட்டார், நீளத்தைக் கேட்பார். இரண்டே கால் மணி நேரத்தில் முடிகிற படமெல்லாம் ஒரு படைப்பா?

இந்தப் புதன்கிழமை என்னையும் கச்சேரிக்கு இழுத்துப்போனார். கையில் சால்வை! வித்வான் தோடியை எடுத்தார். அரங்கமே கண்மூடிக் கிடந்தது. இரண்டாவது வரிசையிலிருந்து சன்னமான குறட்டை, சுருதி சுத்தம். திடீரென்று ஏசி நின்றது. ஐந்தே நிமிடத்தில் அரங்கத்தில் மிஞ்சியவர்கள் வித்வான், பக்கவாத்தியக்காரர்கள், எங்கள் இருவரின் செருப்பு.

"இந்தக் காலத்துல கலையை யாருப்பா மதிக்கிறாங்க?" என்று வழியெல்லாம் வருந்தினார் மாமா.

பக்கத்து நகைக்கடையில் அட்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னோம். மோர்கூடக் கொடுத்தார்கள்.