நிற்காத படகுக்கு ஏது கோடு?

கே: மகியங்கனை சொரபொர குளத்தில் சின்னப் பாய்ப்படகுப் போட்டி வைத்தால், எல்லாரையும் எப்படி ஒரே கோட்டில் நிறுத்துவது? படகுக்குத்தான் பிரேக் இல்லையே!
– வாசகர், பசறை

ப: நிறுத்தவே வேண்டாம், சுவாரஸ்யமே அதில்தான்! நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையிலுள்ள கற்பனைக் கோடுதான் தொடக்கம். புறப்பட 5 நிமிடம் இருக்கையில், படகு வகையைக் குறிக்கும் வகுப்புக் கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கையில், நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் போட்ட 'பி' கொடி ஏறும். 1 நிமிடம் இருக்கையில் அது இறங்கும். வகுப்புக் கொடியும் இறங்கினால், விடு சவாரி! அதுவரை படகுகள் கோட்டுக்குப் பின்னே சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஊதலும் உண்டு. ஆனால் பிரட்டுக்குத் தப்படித்ததுபோல் சத்தத்தை நம்பிக் கிளம்பக் கூடாது, கணக்கு கொடிக்குத்தான். முந்திக்கொண்டவருக்கு 'எக்ஸ்' கொடி ஏறும்: திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும்.

எதிரெதிரே வந்தால், வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கே வழி. மிதவையைத் தொட்டால் தண்டனை, படகை ஒரு சுற்றுச் சுழற்றுவது. வழிவிட மறுத்தால் இரண்டு. விசிலடிக்க ஆள் வரும்வரை காத்திராமல், தவறியவரே சுற்றிவிட வேண்டும். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. குறைந்த புள்ளிக்காரரே வெற்றியாளர்.

விதிநூலின் முதல் விதி: ஆபத்தில் இருப்பவருக்கு உதவு. ஆகவே உயிர்காப்பு அங்கியும் மீட்புப் படகும் தயாரான பிறகே கொடி ஏற்றுங்கள்.

சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய் விரித்தார். பசறைப் பிள்ளைகளுக்கும் காற்று வீசத்தான் செய்கிறது. தொடங்குங்கள்!