பரங்கி வாடகைக்கு வந்த கதை

கொழும்புக்குப் புதிதாக வந்து வழி தெரியாமல் அலைந்தவர்களுக்கு யாராவது பரிசு கொடுப்பதென்றால் அது பெர்னாவோ கொத்ரிம் என்ற போர்த்துக்கேயருக்குத்தான் போகவேண்டும். துறைமுகத்திலிருந்து கோட்டே அரண்மனைக்கு மன்னரைக் காணப் புறப்பட்டார் மனுசன். தூரம் ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். இன்றைக்குப் புறக்கோட்டையில் 138 பஸ்ஸில் ஏறி, கிருலப்பனைச் சந்தி நெரிசலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு, நுகேகொடையில் இறங்கினால் கோட்டே மாநகர சபை எல்லைக்குள் நிற்கலாம். கொத்ரிமுக்கு மூன்று நாள் எடுத்தது.

அவருக்கு நடக்கத் தெரியாமல் இல்லை. கூட்டிக்கொண்டு போனவர்கள் கெட்டிக்காரர்கள். தலைநகரம் கடற்கரைக்கு எவ்வளவு கிட்ட என்று விருந்தாளிக்குத் தெரியக்கூடாது என்று ஏற்றத்தில் ஏற்றி, இறக்கத்தில் இறக்கி, கடந்த ஆற்றையே மறுபடி கடக்கவைத்துக் கொண்டுபோனார்கள். "பரங்கியா கோட்டே கியா வகே" என்று சிங்களவர் இன்றும் சொல்வார்கள். பரங்கி கோட்டே போனது மாதிரி. நான் முதன்முதல் கிருலப்பனைக்கு வந்தபோது கோட்டை ரயில் நிலையத்தில் ஏற்றிய ஆட்டோக்காரரும் தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி எல்லாம் காட்டித்தான் கொண்டுவந்து இறக்கினார். ஏமாற்று என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். அது ராஜதந்திரம் என்று பிறகு வாசித்துத்தான் அறிந்தேன்.

ஆனால் இந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கொத்ரிம் நடந்துகொண்டிருந்த மூன்று நாளும் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் மணற்கடிகையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பீரங்கியை வெடிக்கவைத்தன என்று போர்த்துக்கேயர் பக்கத்துக் கதை சொல்கிறது. மூன்று நாள் நடந்த பிறகும் அதே சத்தம் கேட்டால், நின்ற இடத்தைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று விளங்க பெரிய மூளை தேவையில்லை. வழிகாட்டிகளுக்கும் அந்த வெடி கேட்டிருக்கும். கேட்டும் முகத்தை மாற்றாமல் அடுத்த மேட்டைக் காட்டியிருப்பார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

இனி பரங்கிகள் வந்த விதம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 1505. இல்லை 1506 என்று அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். கொச்சியில் இருந்த ஆளுநரின் மகன் லொரென்சோ த அல்மேய்தா, சோனக வியாபாரிகளின் கப்பல்களை மறிக்க மாலைதீவுப் பக்கம் அனுப்பப்பட்டவர். காற்று அவரை இலங்கையில் கொண்டுவந்து தள்ளியது. போகப் புறப்பட்டது ஓரிடம், வந்து சேர்ந்தது வேறிடம். கொழும்பில் இருப்பவர்களில் பாதிப்பேரின் சுயசரிதை இதுதான்.

துறைமுகத்திலிருந்து மன்னருக்குப் போன தகவலை 'ராஜாவலிய' என்ற பழைய சிங்கள நூல் பதிவு செய்திருக்கிறது. வெள்ளைத் தோல்காரர் வந்திருக்கிறார்கள். இரும்புச் சட்டை, இரும்புத் தொப்பி. ஓரிடத்தில் இருக்கமாட்டார்கள், அங்குமிங்கும் நடந்தபடியே இருப்பார்கள். கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறார்கள். ஒரு மீனுக்கும் ஒரு தேசிக்காய்க்கும் பொன் நாணயம் இரண்டு மூன்று கொடுக்கிறார்கள். இவர்களுடைய வெடிச்சத்தம் இடியைவிடப் பெரிது. இரத்தம் என்றது வைனை. கல் என்றது பாணை. அந்தக் கல்லைத்தான் கிருலப்பனையில் காலையில் வரிசையில் நின்று வாங்கிவந்து பருப்புக் கறியில் தோய்த்துத் தின்கிறோம்.

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடலாம். இந்த அறிக்கையில் முக்கியமானது தேசிக்காய். அரண்மனை இரும்புத் தொப்பியையும் இடிமுழக்கத்தையும் பற்றி ஆலோசித்தது. தேசிக்காய் விற்றவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விலை பேசாமல் வாங்குகிறவன் ஒன்றில் மடையன், இல்லாவிட்டால் கடையையே எடுக்க வந்தவன் என்று அவர் சொல்லியிருப்பார். அவரை யார் கேட்டார்கள்? சக்ராயுதர் என்ற இளவரசர் மாறுவேடத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இவர்களோடு சண்டை சரிவராது, சமாதானமாகப் போவோம் என்றார். அப்படியே உடன்படிக்கையும் ஆனது. போர்த்துக்கேயர் பாதுகாப்புக் கொடுப்பார்கள்; அதற்காகக் கோட்டே மன்னர் வருடாவருடம் கறுவா கொடுப்பார். வீட்டுக்காரர் வாடகைக்காரருக்கு வாடகை கட்டிய அதிசயம் கொழும்பில்தான் நடந்தது.

போதாக்குறைக்குத் துறைமுகத்துப் பாறையில் சிலுவையையும் தங்கள் அரச சின்னத்தையும் செதுக்கிவைத்தார்கள். 1875 இல் அலைத்தடுப்பு கட்டும்போது அந்தக் கல் அகப்பட்டது. இப்போது கோட்டையில் கோர்டன் தோட்டத்தில் இருக்கிறது. அதில் வெட்டியிருக்கும் ஆண்டு 1501. வருவதற்கு நான்கு வருடம் முந்திய திகதியில் உறுதி எழுதிவைத்த வாடகைக்காரரை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நான் அனெக்ஸ் தேடி அலைந்த காலத்தில் இந்தச் சலுகை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்கார அன்ரி வாசற்படியிலேயே விசாரணையைத் தொடங்கினார். "தம்பி எந்த ஊர்? என்ன வேலை? கலியாணம் முடிச்சிட்டீங்களா? மீன் பொரிக்கிறதெண்டா ஜன்னலைத் திறந்து வைக்கோணும். சிநேகிதர் வந்து நிக்கிற பழக்கம் எல்லாம் இஞ்ச சரிவராது." ஆறு மாத முற்பணம் வேறு. யாழ்ப்பாணம் என்று சொன்னேன். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் வரி வசூல்காரரைத் துரத்தத்தான் அழகக்கோனார் கோட்டேயை அரண்போட்டுக் கட்டினார் என்ற மேலதிக விபரத்தைச் சொல்லவில்லை. முற்பணம் பன்னிரண்டு மாதமாகியிருக்கும்.

பரங்கிகளுக்கு முந்தியும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். 1344 இல் இப்னு பதூதா கொழும்பைப் பார்த்து, இந்தத் தீவின் பெரிய, அழகான ஊர்களில் ஒன்று என்று எழுதிவிட்டுத் தன்பாட்டில் போனார். சீனத் தளபதி செங் ஹே கோயில்களுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் கல்லில் வெட்டுவித்தார். 1409 ஆம் ஆண்டுக் கல், காலியில் கண்டெடுத்தது, கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மூன்று மொழியிலும் இவ்வளவு மரியாதையாக நடந்தவர் 1411 இல் இங்கே ஆட்சி நடத்திய வீர அழகேஸ்வரரைக் குடும்பத்தோடு சீனாவுக்குப் பிடித்துக்கொண்டு போனார் என்பது வேறு விசயம். சோனகர்களோ பல தலைமுறையாக இருந்து வியாபாரம் செய்து, கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, ஒரு கோட்டையும் கட்டாமல் வாழ்ந்தார்கள். பரங்கிகளை நம்பாதீர்கள் என்று மன்னரிடம் தலையால் அடித்துக்கொண்டவர்களும் அவர்கள்தான். வியாபாரப் போட்டியில் சொல்கிறார்கள் என்று அரண்மனை நினைத்திருக்கும். போட்டியில் சொன்னாலும் உண்மை உண்மைதானே.

1518 இல் பரங்கிகள் துறைமுகத்தில் ஒரு கோட்டை கட்டினார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1524 இல் தாங்களே இடித்தார்கள். ஆனால் சரக்குப் பார்க்க ஒரு முகவரையும் சில ஆட்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறவன் திரும்பி வருவான் என்பது கொழும்பு வீட்டுக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். கோட்டே மன்னருக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் வீட்டுக்காரர் குடும்பத்துக்குள் சொத்துச் சண்டை. 1521 இல் மூன்று மகன்மார் சேர்ந்து தகப்பன் விஜயபாகுவை ஒழித்துக்கட்டி ராச்சியத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மூத்தவர் புவனேகபாகுவுக்குக் கோட்டே. இளையவர் மாயாதுன்னைக்குச் சீதாவாக்கை. தம்பிக்குப் பயந்த அண்ணன் யாரிடம் போனார்? பரங்கியிடம். தனக்கு ஆண்வாரிசு இல்லாததால் பேரன் தர்மபாலனின் பொன் உருவம் ஒன்றைச் செய்து லிஸ்பனுக்கு அனுப்பினார். 1543 இல் போர்த்துக்கல் அரசர் அந்தப் பொம்மைக்கு முறைப்படி முடிசூட்டினார். அந்த வைபவத்தைச் செதுக்கிய தந்தப்பேழை இன்றைக்கும் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருக்கிறது. சில வருடத்தில் புவனேகபாகு களனியில் ஜன்னலோரம் நின்றபோது போர்த்துக்கேயச் சிப்பாய் ஒருவனின் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். புறாவுக்கு வைத்த குறி தவறிவிட்டதாம்.

பேரனைப் பாதிரிமார் படிப்பித்தார்கள். 1557 இல் அவர் ஞானஸ்நானம் பெற்று தொம் ஜுவான் தர்மபாலன் ஆனார். சனங்கள் விலகிப்போனார்கள், சீதாவாக்கைப் படை நெருங்கியது. 1565 இல் கோட்டேயைக் கைவிட்டு, மன்னரைப் பரங்கிகள் கொழும்பில் தங்கள் கோட்டைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டுக்காரர் வாடகைக்காரரின் அறையில் ஒண்டுக்குடித்தனம். கோட்டேயிலிருந்து கொழும்புக்கு அவரை அழைத்துவர மூன்று நாள் எடுத்திருக்காது. அந்த வழியை மறைக்க இனி என்ன இருந்தது? 1580 இல் முறையாக உறுதி எழுதி, தனக்குப் பிறகு ராச்சியம் முழுவதும் போர்த்துக்கல் அரசருக்கே என்று கையெழுத்தும் வைத்துக்கொடுத்தார். 1597 இல் அவர் கண்ணை மூட, உறுதி செல்லுபடியானது.

இத்தனைக்குப் பிறகாவது யாருக்காவது புத்தி வந்திருக்கவேண்டும். கண்டி மன்னர் இரண்டாம் ராஜசிங்கன் பரங்கியை எழுப்ப ஒரு வழி கண்டுபிடித்தார்: இன்னொரு வாடகைக்காரரைக் கூட்டிவருவது. 1638 இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தார். அவர்கள் 1656 மே மாதம் கொழும்பைப் பிடித்தார்கள். பிடித்ததும் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, போர்ச்செலவுக் கணக்கை மன்னரிடம் நீட்டினார்கள். அதைத் தீர்க்கும்வரை கொழும்பு இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின மாதிரி என்று சிங்களவர் சொல்வது இந்தக் கூத்தைத்தான்.

மன்னர் தமக்கு வரவேண்டிய கறுவாவைக் கணக்குக் காட்டினார்; ஒல்லாந்தர் வெடிமருந்துச் செலவைக் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கு ஒருநாளும் தீரவில்லை. 1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் வந்து எழுப்பும்வரை ஒல்லாந்தர் கொழும்பில் 140 வருடம் இருந்தார்கள்.