மூன்று கோடிப் புள்ளிகள்

வேலப்பன்சாவடியில் ஒரு வீட்டுக்கு 8கே டிவி வந்துவிட்டது. வாழ்க! திரையில் 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள். சாதாரணக் கேபிள் சேனல் அனுப்புவதோ நாலு லட்சம் சொச்சம். மிச்சத்தை டிவியே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. நம் வாக்காளர் பட்டியலுக்குக்கூட இந்தத் திறமை கிடையாது. ஜப்பானில் 2018 டிசம்பரிலேயே என்.எச்.கே. 8கே சேனல் தொடங்கிவிட்டது. ஆகவே குடும்பத்தோடு ஜப்பானிய மொழி கற்கலாம். சோபாவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதாமே? சோபாவை விற்றால் போயிற்று! இரண்டடி தள்ளிச் சம்மணமிட்டால், சீரியல் மாமியாரின் மூக்குத்திக் கல்லையே எண்ணலாம்.

அந்த வீட்டுப் பாட்டி மட்டும், புரை எடுத்தபின் பழைய பெட்டியிலேயே எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்கிறார்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை இலவசம்.