அறுபதில் அரிச்சுவடி

ஜப்பானியர்களிடம் 'ரொகுஜூ நோ தெனராய்' என்றொரு சொலவடை உண்டு. அறுபது வயதில் எழுத்துப் பழகுவது என்று பொருள். அதே சங்கதிக்கு நாம் வைத்திருப்பது 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' ஓய்வு பெற்ற ஒருவர் ஜப்பானிய மொழிப் பாடப்புத்தகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் இந்தப் பழமொழிதான் வாசலில் நின்று வரவேற்கும். 'இந்த வயசுல எதுக்கு?' என்பது பின்னாலேயே காபியோடு வரும். என் கட்சி வேறு. ஜப்பானிய மொழி படிக்கத் தோதான வயதே அறுபதுதான், அதிலும் தமிழருக்கு.

இலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதுவரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அறுபது வருடம் தமிழில் காத்திருந்தவருக்கு இது புதிதில்லை. 'தபெதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. சாப்பாட்டை வாயால் பார்க்கும் வித்தை நம்மைப் போலவே அவர்களுக்கும் கைவந்திருக்கிறது. கொக்கொ, சொக்கொ, அசொக்கொ, டொக்கொ என்று நான்கு சொற்கள்: இங்கே, உங்கே, அங்கே, எங்கே. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் அந்த 'உ' தமிழ்நாட்டில் தொலைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் கண்டு மயங்கித்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் போகட்டும். சம்பந்தம் கூடிவராவிட்டாலும் ஜாதகம் பொருந்தியிருக்கிறது, படிப்பவருக்கு அது போதும்.

உச்சரிப்பு வராதே என்பார்கள். பாதி உண்மை. சின்ன வயதில் கற்றவரின் நாக்கு நமக்கு வராது. ஆனால் 'ஒஜிசான்' என்றால் மாமா, 'ஒஜீசான்' என்றால் தாத்தா. ஒரு மாத்திரை கூடினால் மனிதருக்கு ஒரு தலைமுறை கூடிவிடும். ஆங்கிலேயர் தடுமாறும் இந்த இடத்தில் குறில் நெடில் படித்தவர் தடுமாற மாட்டார். தவிர, மாத்திரைக் கணக்கு அறுபதில் யாருக்குத் தெரியாது? நீளமான பொருள்களை எண்ணும்போது ஒரு பென்சில் 'இப்பொன்', இரண்டு 'நிஹொன்', மூன்று 'சம்பொன்'. நகைக்கடை விளம்பரம் போல ஒலிக்கும் இந்தத் திரிபைக் கண்டு, பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதிக்கு அடி வாங்கிய தலைமுறை அசராது. முயலை மட்டும் பறவைக் கணக்கில் எண்ணுவார்கள். அதற்கு விதி கிடையாது; அறுபது வயதில் விதியை ஏன் என்று கேட்பதும் கிடையாது.

அடுத்த ஆட்சேபம் ஞாபகம். இது பலமானது. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த 'கஞ்சி' எனும் சீன வழி எழுத்துகள் மட்டும் 2,136. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர் அவ்வளவையும் எங்கே வைப்பார்? ஆனால் ஜப்பானியக் குழந்தைக்கே தொடக்கப் பள்ளியின் ஆறு வருடத்தில் 1,026 எழுத்துகள்தான். அப்படிக் கற்ற பெரியவர்களும் கணினியில் தட்டித் தட்டிக் கையால் எழுத மறக்கிறார்கள். அதற்கு 'வாப்புரோ பாக்கா', அதாவது தட்டச்சு முட்டாள், என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆக, மறதி இந்த மொழிக்குத் தடையில்லை, அதன் அங்கம். சில எழுத்துகள் மறக்கவும் விடாது. ஓர் ஆள் ஒரு மரத்தை ஒட்டி நின்றால் 'ஓய்வு'. ஓய்வூதியக்காரருக்கு இதைவிட நெருக்கமான எழுத்து எந்த மொழியில் இருக்கிறது?

மரியாதைப் பேச்சில் ஜப்பானிய இளைஞர்களே திணறுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் அதற்குத் தனிப் பயிற்சி கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. எதிரில் இருப்பவரை 'நீங்கள்' என்று சொல்வதைக்கூடத் தவிர்த்துவிட்டுப் பேசுவதுதான் அங்கே நயம். சம்பந்தியிடம் 'நீ'யும் வராமல் 'நீங்க'ளும் வராமல் 'சாப்பாடு ஆச்சா?' என்று முடித்துக்கொண்ட அனுபவசாலிக்கு இதில் என்ன பயிற்சி வேண்டும்?

கடைசியாக, என்ன பிரயோஜனம்? ஒன்றுமில்லை என்பதே நேர்மையான பதில். அதுதான் வசதியும். இருபது வயதுக்காரருக்குத் தேறாவிட்டால் வேலை போகும். அறுபதில் தேறாவிட்டால் மறுபடி படிக்க ஒரு காரணம் கிடைக்கும். பிரயோஜனம் வந்தே தீரும் என்பவர்களுக்கு இனோ தததாக்கா இருக்கிறார். வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஐம்பது வயதில், தன்னைவிட 19 வயது இளைய ஆசிரியரிடம் வானியல் படிக்கப் போனார். 1800இல் அளக்கப் புறப்பட்டு, 17 வருடம் போல ஜப்பானின் கரையோரத்தில் பெரும்பகுதியை அளந்தார். வரைபடம் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. மாணவர்கள் முடித்தார்கள்.

அறுபது ஆண்டுச் சக்கரம் அவர்களுக்கும் உண்டு. அது ஒரு சுற்று முடிந்தால் நாம் மனிதருக்கு மறுபடி கல்யாணம் செய்துவைக்கிறோம். ஜப்பானியர்கள் அவர் மறுபடி பிறந்ததாகக் கருதி, குழந்தைக்குப் போடுவது போலச் சிவப்புச் சட்டை ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். மொழி கற்க வந்தவருக்கு இரண்டாவது ஏற்பாடே உசிதம். மாப்பிள்ளை உளறினால் ஊர் சிரிக்கும். குழந்தை உளறினால் கூடி நின்று கைதட்டுவார்கள்.