சந்தேகத்துக்கு ஒரு வெள்ளிப் பெட்டி

பழைய வெள்ளிச் சாமான் சேர்ப்பவர்களில் மூன்று ரகம் உண்டு. டீ பாட் சேர்ப்பவர்களுக்குச் சொந்தத்தில் பங்களா இருக்கும். தேயிலைப் பெட்டி சேர்ப்பவர்களுக்கு பேங்கில் மரியாதை இருக்கும். அந்தப் பெட்டிக்குள் கிடந்த குட்டைக் கரண்டியை மட்டும் சேர்ப்பவர்கள், கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் இருப்பார்கள். நான் கரண்டி ரகம்.

பெட்டியின் கதை தெரியாமல் கரண்டி புரியாது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை என்பது சீனாவிலிருந்து கப்பலேறி வந்த சீமான். 1784க்கு முன்பு அதன்மேல் வரி மட்டும் 119 சதவீதம் வரை போனது. அப்படிப்பட்ட வஸ்துவை அடுப்படியில் வேலைக்காரர்கள் கைக்கெட்டும் இடத்திலா வைப்பார்கள்? கூடத்தில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள், பச்சைத் தேயிலைக்கு ஒரு வெள்ளி டப்பா, கறுப்புக்கு ஒன்று, கூடவே சர்க்கரைக்கு ஒன்று என்று வைத்தார்கள். சாவி எஜமானியம்மாளிடம். இடுப்பில் கொத்துச்சாவியோடு உக்கிராண அறையைக் காவல் காத்த நம் ஊர் மாமியார்களை அந்த அம்மாள்கள் சந்தித்திருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பந்தோபஸ்துக்குள் இருந்தது தேயிலைதானா என்பதே நிச்சயமில்லை. தேயிலை வியாபாரி ரிச்சர்ட் ட்வைனிங் 1785இல் எழுதிய சிறு நூலில் கலப்படம் நடக்கும் விதத்தை விவரித்திருக்கிறார். ஆஷ் மரத்து இலையைப் பொறுக்கிக் காயவைத்து, அன்னபேதியும் ஆட்டுப் புழுக்கையும் சேர்த்து ஊறவைத்து, தேயிலையோடு கலந்து விற்றார்களாம். ஆட்டுப் புழுக்கைக்கு வெள்ளிப் பெட்டியும் பித்தளைப் பூட்டும் போட்டு, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிய ஒரே நாகரிகம் அதுவாகத்தான் இருக்கும்.

1784இல் பிரதமர் இளைய பிட் வரியை ஒரேயடியாக 12.5 சதவீதமாகக் குறைத்தார். அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்காமல் விடுமா? ஈடுகட்ட ஜன்னல் வரியை ஏற்றினார். அதே வருஷம் வெள்ளிச் சாமானுக்கும் வரி போட்டு, வரி கட்டியதற்கு அடையாளமாக ராஜாவின் தலையை முத்திரையாகக் குத்தச் சொன்னார். ஆக, டீ மலிந்தது. டீ வைக்கும் பெட்டி விலை ஏறியது. இரண்டையும் பார்த்து ரசிக்க வேண்டிய வெளிச்சம் எல்லாவற்றையும்விட விலை ஏறியது.

இனி கரண்டி. ஆரம்பகால டப்பாக்களில் மூடியே அளவு. கழற்றி, கவிழ்த்து, தேயிலையைக் கொட்டி அளந்துகொள்ளலாம். பிறகு கீல் வைத்த மூடி வந்தது. அதைக் கவிழ்க்க முடியாதே! எனவே பெட்டிக்குள்ளேயே அடங்கும்படி குட்டைக் கைப்பிடியோடு கரண்டி செய்தார்கள். பர்மிங்ஹாம் தட்டார்களுக்கு இது போதாதா? ஜோசப் டெய்லர், சாமுவேல் பெம்பர்ட்டன், மாத்யூ லின்வுட் என்று ஆளாளுக்குப் புகுந்து விளையாடிவிட்டார்கள். சிப்பி, திராட்சை இலை, மண்வெட்டி, மனிதக் கை, கழுகின் சிறகு, குதிரை ஓட்டும் ஜாக்கியின் தொப்பி. ஒரு சிட்டிகை தேயிலை அள்ளுவதற்குக் கழுகு எதற்கு என்று கேட்பவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பெர்மண்ட்சி சந்தைக்குப் போவேன். அங்கே முன்பு ஓர் அற்புதமான சட்டம் இருந்தது. சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் நல்லெண்ணத்தோடு வாங்கினால், பொருள் திருட்டுப் பொருளாகவே இருந்தாலும் வாங்கியவருக்குத்தான் சொந்தம். 1995இல் அதை எடுத்துவிட்டார்கள். சட்டம்தான் போனது, கடைக்காரர்கள் முகத்தில் அந்தக் களை இன்னும் இருக்கிறது.

ஒரு பெரியவர் ஜாக்கித் தொப்பி ஒன்றை நீட்டினார். தொப்பியின் குழிதான் அள்ளும் பாகம், முன்னால் நீளும் விளிம்புதான் கைப்பிடி. நான் லென்ஸைக் கண்ணில் செருகினேன். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். அந்த ஊருக்குக் கடலே கிடையாது என்பது வேறு விஷயம். ஓர் ஆங்கில எழுத்து வருஷத்தைச் சொல்லும். ராஜாவின் தலை வரி ரசீது. எல்லாம் இருந்தன. இருந்தும் என்ன? அதிகம் போலி நடமாடுவதே ஜாக்கித் தொப்பியில்தான். பழைய டீஸ்பூனின் காம்பை நறுக்கி, குழியைத் தட்டி நிமிர்த்தி, தேயிலைக் கரண்டி என்று தலையில் கட்டுவதும் உண்டு. எனவே கடைசிப் பரீட்சையாக வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஊதினேன். மூச்சு பட்டு வெள்ளி மங்கியது. மங்கல் விலகும்போது, விளிம்பும் குழியும் சேரும் இடத்தில் மயிரிழை போல, பற்றவைத்த கோடு ஒன்று எட்டிப்பார்த்து மறைந்தது. பெரியவர் கண்ணிலும் ஏதோ எட்டிப்பார்த்து மறைந்தது. “குளிராக இருக்கிறது” என்று வானத்தைப் பார்த்தார். “ஆமாம்” என்று நானும் பார்த்தேன்.

இந்தக் கலையால் குடும்பத்துக்கு நேர்ந்த கெடுதல்தான் அதிகம். “ஏங்க, விருந்துக்குப் போன இடத்துல எவர்சில்வர் டம்ளரைக்கூடத் திருப்பிப் பாக்கறீங்க, மானம் போகுது” என்பாள் மனைவி. அப்படித்தான் அவள் அண்ணன் வீட்டு டம்ளரைத் திருப்பினேன். அதில் என் அம்மாவின் இனிஷியல் வெட்டியிருந்தது. அண்ணனிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மனைவி ஹால்மார்க் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

மெட்ராஸ் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த ‘சுவாமி’ வெள்ளியையும் ஏலக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். டீ செட் முழுக்க நம் தெய்வங்கள் புடைத்து நிற்பார்கள். வெள்ளைக்காரர்கள் அதை ஆசையாக வாங்கினார்கள். நான் வாங்க மாட்டேன். காசு ஒரு காரணம். இன்னொரு காரணம், வீட்டுக்குள் நுழைந்த அன்றே அது பூஜை அலமாரிக்குப் போய் விபூதி டப்பாவாகிவிடும். பிறகு லென்ஸோடு கிட்டே போக வேண்டுமானால் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

என்னிடம் இருப்பவற்றில் எனக்குப் பிடித்தது, குழி முழுக்கப் பொடி ஓட்டை போட்ட ஒரு கரண்டி. தேயிலையை அள்ளிச் சற்றுக் குலுக்கினால் தூசு கீழே உதிர்ந்து, நல்ல இலை மட்டும் மேலே நிற்கும். சீமாட்டிகளின் ஏற்பாடு. ஒருநாள் மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அதைக் கொண்டுபோய் எங்கள் டீத்தூள் டப்பாவுக்குள் விட்டேன். நாங்கள் வாங்குவது ஊர் டீக்கடையில் போடுகிற அதே டஸ்ட் டீ. கரண்டியை வெளியே எடுத்ததும் தூள் மொத்தமும் மேடைமேல் இறங்கியது. கரண்டியில் மிஞ்சியது ஒரு குச்சி.

மனைவி குச்சியைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். “கரண்டி மேல தப்பில்லைங்க. அவங்க கழிச்சுக் கட்டினதைத்தானே நாம கிலோ கணக்குல வாங்கிக் குடிக்கிறோம்” என்றாள். பிறகு அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, “ஓட்டை நல்லா சன்னமா இருக்கே. இங்கயே இருக்கட்டும், ரவையில வண்டு விழுந்தா சலிக்க ஆகும்” என்றாள்.